சிலம்பு தந்த சுருதி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

கவிதையிலிருந்து இசை பிறக்குமா? இந்தக் கேள்வியை மேலைநாட்டார் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். போலந்து நாட்டில் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்து மறைந்த ஷோப்பன் (1810-1849) என்னும் பியானோ மேதை, கதைப்பாடல் என்று பொருள்படும் பெயரில் நான்கு இசைப் படைப்புகளை ஆக்கினார். அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. விரல்களும் கட்டைகளும் எழுப்பும் ஒலி மட்டுமே உண்டு. ஆனால் தம் நாட்டுக் கவிஞர் மிக்கியேவிச்சின் பாடல்கள் தம்மைத் தூண்டியதாக ஷோப்பன் கூறினார் என்று அவர் காலத்து இசைஞர் ஷூமன் 1841-இல் எழுதி வைத்தார். எந்தப் பாடல் எந்த இசைக்கு வித்தானது என்று அறிஞர்கள் இன்னமும் வழக்காடிக் கொண்டிருக்கிறார்கள்.

அந்த வழக்கை அவர்களே தீர்த்துக் கொள்ளட்டும். அதே கேள்வியை நம் மண்ணில் நின்று கேட்டால், விடை சொல்ல ஒரு மாமனிதர் எழுந்து வருகிறார். அவர் இசைப் பரம்பரையில் பிறந்தவரல்லர், பட்டம் பெற்றவருமல்லர். ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மருத்துவர். பழந்தமிழ்க் காப்பியம் ஒன்றைப் படித்தார். அதிலிருந்து 1346 பக்கங்கள் கொண்ட இசை ஆராய்ச்சிக் கடலையே படைத்தார். அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தஞ்சை என்ற அடைமொழி அவர் புகழ் பெற்ற ஊரைக் குறிக்கும். அவர் ஆசிரியரானதும் இசை பயின்றதும் நம் திண்டுக்கல்லில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறப்பும் பயிற்சியும்

பொதிகைச் சாரல் வீசும் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரை என்றோர் ஊர் உண்டு. அங்கே 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் ஆபிரகாம். எளிய குடும்பம். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்வியின் வழியாகத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் ஒன்றுதான். அது ஆசிரியர் வேலை. அந்தக் கதவைத் தட்டவே அவர் திண்டுக்கல்லுக்கு வந்தார். இங்கிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் இங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அன்றைய திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊர். மலைக்கோட்டையின் அடிவாரத்தில், வறண்ட சமவெளியின் நடுவே கிடந்த ஊர். ஆனால் அந்த இளைஞருக்கு அதுவே பல்கலைக்கழகமாயிற்று. பகலில் பள்ளி, ஓய்வு நேரத்தில் இசை. இவ்வூரில் வாழ்ந்த சடையாண்டிப் பத்தர் என்னும் இசைவாணரிடம் அவர் இசை கற்றார். நிழற்படக் கலை, அச்சுக் கலை, சோதிடம் என்று கண்ணில் பட்ட கலைகளையெல்லாம் கற்றுத் தேறினார். இவற்றில் எதுவும் வீண் போகவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

மூலிகைகளின் மீதும் அவருக்குத் தீராத வேட்கை இருந்தது. அந்த வேட்கை அவரை மேற்கே சுருளி மலைக்கு இட்டுச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவருக்கு மாணாக்கரானார். மருத்துவ முறைகள் பலவற்றைக் கற்றார். குருவின் பெயரை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. பின்னாளில் தாம் ஆக்கிய மருந்துகளுக்கும் அமைத்த தோட்டத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டினார். கிறித்தவராகப் பிறந்து கிறித்தவராகவே வாழ்ந்த ஒருவர், மலைக்குகையில் தவமிருந்த துறவி ஒருவரைக் குருவாகப் போற்றினார். அறிவுக்கு முன்னால் அவர் எந்த வேலியும் இட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மருந்தும் மண்ணும்

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் ஆசிரியையை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சைக்குச் சென்று அங்கே ஆசிரியப் பணி ஏற்றனர். மாதச் சம்பளத்தோடு மருந்து ஆக்கும் பணியும் வீட்டில் நடந்தது. கைராசிக்காரர் என்ற பெயர் பரவியது. 1890-இல் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய கருணானந்த சஞ்சீவி மருந்துகள் தமிழகத்தைத் தாண்டி, கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றன. மூலிகைக்காகத் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிப் பெருந்தோட்டம் அமைத்தார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். அரசு அவருக்கு 1909-இல் ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இசை ஆராய்ச்சி என்பது அரண்மனை ஆதரவிலோ ஜமீன் ஆதரவிலோ நடந்து வந்த காலம் அது. பண்டிதருக்கு அப்படி எந்த ஆதரவும் இல்லை. அவருடைய இசைப்பணிக்கு ஊற்றுக்கண் அவருடைய மருந்துக் கலயமே. நோயாளிகள் கொடுத்த காசில் சேர்ந்த செல்வத்தை அவர் வட்டிக்கு விடவில்லை. மாளிகை கட்டி அடுக்கவுமில்லை. அதைத் தமிழிசையின் காலடியில் கொட்டினார்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

பண்டிதர் தஞ்சையில் மருந்து இடித்துக் கொண்டிருந்த நாளில், பக்கத்துக் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் ஓலைச் சுவடிகளோடு போராடிக் கொண்டிருந்தார். அந்தப் போராட்டத்தின் பயனாக 1892-இல் சிலப்பதிகாரம் அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் அச்சேறியது. அதன் பிறகுதான் செல்லரித்துக் கிடந்த காப்பியம் தமிழர் கைக்கு முழுமையாகக் கிட்டியது.

புலவர்கள் அதில் கண்ணகியின் கற்பைக் கண்டார்கள். வரலாற்றார் சேரன் செங்குட்டுவனைக் கண்டார்கள். பண்டிதர் கண்டதோ வேறு. மாதவி ஆடிய அரங்கேற்று காதையிலும், மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மகளிர் ஆடிய ஆய்ச்சியர் குரவையிலும் அவர் ஓர் இசை இலக்கணத்தையே கண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் அங்கே இருந்தன. யாழ் நரம்புகளை எப்படிக் கூட்டுவது, ஒரு பண்ணிலிருந்து மற்றொரு பண் எப்படிப் பிறக்கும் என்ற முறைகள் இருந்தன. உரையாசிரியர்கள் தம் காலத்திலேயே மறைந்து போன இசை நூல்களின் பெயர்களைச் சொல்லி வருந்தியிருந்தனர். மூலநூல்கள் அழிந்து விட்டன. ஆனால் அவற்றின் நிழல் காப்பியத்தில் விழுந்து கிடந்தது. அந்த நிழலைக் கொண்டு உருவத்தைக் கண்டுபிடிக்கத் துணிந்தார் பண்டிதர்.

அன்றைய நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மேடைகளில் ஒலித்தவை பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள். தமிழுக்கு இசை உண்டா என்று கேட்டால் படித்தவர்களே தயங்கினார்கள். அந்தக் குறையைப் போக்கத் தாமே தமிழில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றி, 1907-இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் வெளியிட்டார். பாடல் இயற்றியவர், அதன் பிறகு பாட்டின் அடிப்படையையே தோண்டத் தொடங்கினார்.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

இனி வருவது கொஞ்சம் கணக்கு. இயற்பியல் மாணவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்; இசை அறியாத நண்பர்களும் எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

ஒரு சுரத்திலிருந்து அதன் மேல் சுரத்திற்கு, அதாவது கீழ் ச-விலிருந்து மேல் ச-வுக்கு, அதிர்வெண் இரு மடங்காகும். இந்த இடைவெளியை ஒரு தாயி என்பர். இயற்பியலில் நாம் படிக்கும் ஆக்டேவ் இதுவே. இதை எத்தனை நுண்ணிய சுருதிகளாகப் பகுப்பது? பரதரும், 13-ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சாரங்கதேவரும் 22 என்றனர். இந்தியாவெங்கும் அதுவே வேதவாக்காக இருந்தது. ஆனால் அந்த 22-ஐக் கொண்டு நம் வித்துவான்கள் பாடும் இராகங்களை அளந்து பார்த்தபோது பண்டிதருக்குக் கணக்கு ஒத்து வரவில்லை. நூல் சொல்வது ஒன்று, நாவு பாடுவது ஒன்றாக இருந்தது.

சிலப்பதிகார உரையிலும் ஏழு சுரங்களுக்கு அலகுகள் சொல்லப்பட்டுள்ளன: குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2. கூட்டிப் பாருங்கள், 22 வரும். அப்படியானால் பண்டிதர் தோற்றார் அல்லவா? இங்கேதான் அவர் மதிநுட்பம் மின்னுகிறது. கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அது பாடும் முறையின் ஒரு நுட்பம். உண்மையான அளவு அவற்றுக்கும் நான்குதான் என்றார் அவர். இப்போது கூட்டினால் 24. நான்கு அலகு ஒரு முழுச்சுரம். இரண்டு அலகு ஓர் அரைச்சுரம். ஐந்து முழுச்சுரமும் இரண்டு அரைச்சுரமும் சேர்ந்து ஒரு தாயி நிறைந்து விடுகிறது.

ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று பழந்தமிழர் சொன்ன நான்கு பாலைகளை அவர் நான்கு பகுப்புகளாக விளக்கினார். ஆயப்பாலையில் ஒரு தாயி 12 பகுதி, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96. ஒவ்வொன்றும் முன்னதன் இரு மடங்கு. ஒவ்வொரு பகுதியும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும் என்பது அவர் முடிவு. 12 பகுதியானால் ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு உயரும். 24 பகுதியானால் சுமார் 1.0293 மடங்கு.

வட்டம் மூட வேண்டும்

இந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார்? ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பாருங்கள். பாலில் உறை சேரவில்லை, பசுக்கள் நடுங்குகின்றன, தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. ஆயர் முதுமகள் மாதரி, தீங்கு நீங்கக் குரவை ஆடுவோம் என்கிறாள். எழுவர் கன்னியரை நிறுத்தி, குரல் முதல் தாரம் வரை அவர்களுக்குப் பெயரிடுகிறாள். அவர்கள் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். பன்னிரண்டு இராசிகளைக் கொண்ட வட்டத்தில் சுரங்கள் நிற்கும் இடங்களை உரை விளக்குகிறது. படிப்பவருக்கு அது ஒரு நடனக் காட்சி. பண்டிதருக்கு அது ஒரு சமன்பாடு.

ஒரு சுரத்திலிருந்து ஐந்தாம் சுரமாகிய இளிக்குச் செல்; அந்த இளியைக் குரலாகக் கொண்டு அதன் இளிக்குச் செல்; இப்படியே பன்னிரண்டு முறை சென்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இதுவே இளிக்கிரமம். மேலைநாட்டில் பித்தகோரசு காலம் முதல் இளியின் அளவு ஒன்றரை மடங்கு என்று கொள்வர். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. ஏழு தாயிகளுக்கு இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் ஒன்றாகவில்லை, வட்டம் மூடவில்லை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாடு மேலைநாட்டு இசையாளரைப் பல நூற்றாண்டுகள் உறங்க விடவில்லை. சமமான 12 பகுதிகளாகக் கொண்டாலோ, இளி சுமார் 1.4983 மடங்காகிறது, வட்டம் மிகச் சரியாக மூடிக்கொள்கிறது.

கைகோத்து நின்ற ஆயர் மகளிரின் வளையம் அறுந்து போகலாகாது. ஆகவே அளவு சமமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பண்டிதரின் பல நூறு பக்கக் கணக்குகளின் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு அவருடையது, வட்டமோ இளங்கோவடிகளுடையது.

சங்கமும் சபையும்

தாம் கண்டதை வீட்டுக்குள் வைத்துக் கொண்டாடுபவரல்லர் பண்டிதர். பிறர் உரசிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1914-க்குள் ஆறு இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து, விருந்தளித்து, விவாதிக்கச் செய்தார், செலவு அவருடையது. சென்னையில் சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928-இல். தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943-இல். அவற்றுக்கெல்லாம் முன்பே, தனி ஒருவர் தம் கைப்பொருளால் நடத்திய மாநாடுகள் இவை என்பதை மறக்கலாகாது.

1916-இல் பரோடாவில் அந்நாட்டு மன்னரின் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. 22 சுருதிக் கொள்கையினர் அதற்கென்றே செய்த ஆர்மோனியத்தோடு வந்திருந்தனர். பண்டிதரும் சென்றார். அவர் கொண்டு சென்ற கருவி வீணை. கொண்டு சென்ற சான்று அவருடைய பெண்மக்கள். மரகதவல்லி, கனகவல்லி ஆகிய இருவரும் தந்தையின் கொள்கையைப் பாடியும் இசைத்தும் அந்தச் சபையில் மெய்ப்பித்துக் காட்ட முயன்றனர். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாக இருந்த நாளில், நாடறிந்த அறிஞர் கூடிய அவையில் தமிழ்ப் பெண்கள் இருவர் இசை இலக்கணத்துக்குச் சான்று பகர்ந்தது சிறு செய்தியன்று. ஒரே மாநாட்டில் முடிந்துவிடும் வழக்கு அல்ல அது, முடியவுமில்லை. ஆனால் பழந்தமிழ்க் காப்பியம் ஒன்றின் குரல் வடநாட்டு இசை அவையில் அன்று ஒலித்தது.

1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அதை அச்சிடத் தஞ்சையில் தாமே ஓர் அச்சகம் வைத்திருந்தார். திண்டுக்கல்லில் இளமையில் கற்ற அச்சுக் கலை அங்கே கை கொடுத்தது. நூல் வெளிவந்த இரண்டாண்டுகளில், 1919 ஆகஸ்டு 31-ஆம் நாள், அறுபதாம் வயதில் அவர் மறைந்தார். எழுதி வைத்திருந்த அடுத்த பகுதி அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகளால் வெளியிடப்பட்டது.

கடலின் ஆழமும் கரையும்

பண்டிதரின் முடிவு முழுவதும் சரிதானா? பாராட்டு வேறு, ஆராய்ச்சி வேறு. 24 சுருதிகள் ஒரே விகிதத்தில் அமைந்தவை என்ற அவர் கொள்கையைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. காப்பியத்தில் அலகு 22 என்று வெளிப்படையாக இருக்கும்போது 24 என்று கொள்வது வலிந்து பொருள் காண்பதாகும் என்றனர். பாடகரின் குரல் கட்டை போட்ட கருவியைப் போல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கமகத்தில் அது அசைந்து கொண்டே இருக்கும். அதை எந்தச் சமபங்குக்குள்ளும் அடைக்க முடியாது என்பதும் நியாயமான மறுப்பே. உரையாசிரியர் பெயர் சொல்லிச் சென்ற பஞ்சமரபு என்னும் இசைநூல் 1970-களில்தான் அச்சேறியது. அதைப் பார்க்கும் பேறு பண்டிதருக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் அவர் போட்ட பாதையில் பலர் நடந்தனர். விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-இல் யாழ்நூலை அளித்தார். குடந்தை ப. சுந்தரேசனார் பழம்பண்களை ஊர் ஊராகப் பாடிக் காட்டினார். வீ. ப. கா. சுந்தரம் தமிழிசைக் கலைக்களஞ்சியம் தொகுத்தார். முடிவுகளில் இவர்கள் பண்டிதரோடு மாறுபட்டதுண்டு. ஆனால் சிலப்பதிகாரத்தைத் திறந்தால் அதற்குள் இசை இருக்கிறது என்று இந்த நூற்றாண்டுகளில் முதலில் பேரளவில் காட்டியவர் யார் என்பதில் மாறுபாடு இல்லை. அறிவியலில் நாம் காண்பதும் இதுதானே? விடை திருத்தப்படலாம், சரியான கேள்வியைக் கேட்டவனின் இடம் அசையாது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கவிதையிலிருந்து இசை பிறக்குமா? ஷோப்பனுக்குக் கவிதை ஓர் உணர்ச்சியைத் தந்தது என்பார்கள். எந்த வரி என்று காட்ட முடியாது. பண்டிதருக்குக் கவிதை ஒரு கணக்கைத் தந்தது. எந்தக் காதை என்று விரலை வைத்துக் காட்டலாம். ஆனால் வெறும் கணக்கு மட்டும் ஒரு மனிதனை இத்தனை ஆண்டுகள் உழைக்க வைக்குமா? மருந்து விற்ற பணத்தையெல்லாம் செலவிட வைக்குமா? தம் மொழியில் இசையில்லை என்று உலகம் சொன்னபோது, இருக்கிறது என்று ஒரு பழைய கவிதை அவர் காதில் சொன்னது. அதை அவர் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் மெய்ப்பிக்க முயன்றார். ஆகவே சிலம்பு அவருக்குச் சான்றும் ஆயிற்று, தூண்டுதலும் ஆயிற்று என்பதே என் துணிபு.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். பரம்பரையாய் வந்த நூலகம் நமக்கில்லை. வழிகாட்டும் பட்டதாரி அண்ணன்மாரும் இல்லை. பெரிய ஆராய்ச்சியெல்லாம் பெரிய நகரத்தாருக்கு என்று நாமே ஒதுங்கிக் கொள்கிறோம். நம் மலைக்கோட்டை நிழலில் ஒரு பயிற்சிப் பள்ளி மாணவராக நடந்து திரிந்தவர், ஒரு கையில் காப்பியமும் மறு கையில் கணக்குமாக இந்திய அறிஞர் அவையில் போய் நின்றார். தமிழ் வகுப்பில் படிக்கும் சிலம்புக்கும், ஆய்வகத்தில் அளக்கும் அதிர்வெண்ணுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை என்று காட்டிச் சென்றார். நம் கல்லூரி ஆய்வகத்தில் ஒலிமானியின் கம்பியை மீட்டும்போதெல்லாம் அந்தப் பெருமகனை நினைப்போம். அவர் விட்டுச் சென்ற கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையது.